வயல் மேல் நின்று எலி பிடிக்கும் சிற்றெழால்: மருந்து வைக்கும் முன் ஒரு நிமிடம்!

மார்கழி, தை மாதங்களில் காலை வெயில் ஏறும் நேரத்தில் வயல் பக்கம் போகிறவர்கள் இந்தப் பறவையைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். புறா அளவுதான் இருக்கும், ஆனால் புறாவைவிட ஒல்லியான உடம்பு. தென்னை மர உயரத்தில், காற்றை எதிர்த்தபடி, வால் இறகுகளை விசிறிபோல விரித்து, ஒரே இடத்தில் படபடவென்று சிறகடித்துக்கொண்டு நிற்கும். மேலேயும் போகாது, முன்னேயும் நகராது. கயிறு கட்டித் தொங்கவிட்டது போல அந்தரத்தில் நிற்கும். சட்டென்று கொஞ்சம் கீழே இறங்கி மறுபடியும் நிற்கும். கடைசியில் கல் விழுவது போல வரப்போரம் விழுந்து, கால் நகத்தில் எதையோ பிடித்துக்கொண்டு எழும்பும்.

இதைப் பார்த்ததும் ‘பருந்து’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ‘கோழிக்குஞ்சு தூக்க வந்திருக்கிறது’ என்று கல்லெடுத்து விரட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. இதன் பெயர் சிற்றெழால். பறவை நூல்களில் சிவப்பு வல்லூறு என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கெஸ்ட்ரல். ‘எழால்’ என்பது வேட்டைப் பறவையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களிலேயே அந்தப் பெயர் வருகிறது.

இது நம் வயலில் எலியையும் வெட்டுக்கிளியையும் தின்று வாழும் பறவை. எலிக்கு நாம் வைக்கும் மருந்து இதையும் சேர்த்துக் கொல்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த விஷயம். முதலில் பறவையைத் தெரிந்துகொள்வோம்.

அடையாளம் காண்பது எப்படி?

அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 32 முதல் 35 சென்டிமீட்டர் நீளம். சிறகை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 65 முதல் 80 சென்டிமீட்டர் இருக்கும். எடை 150 முதல் 250 கிராம். அதாவது கால் கிலோவுக்கு மேல் போவது அரிது. வேட்டைப் பறவைகள் பலவற்றிலும் இருப்பது போல, இதிலும் ஆணைவிடப் பெண் சற்றுப் பெரிது.

ஆணுக்குத் தலையும் வாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம். முதுகு செங்கல் நிறம், அதில் கறுப்புப் புள்ளிகள். வாலின் கடைசியில் பட்டையாக ஒரு கறுப்புக் கோடு. பெண்ணும் குஞ்சும் உடம்பு முழுக்கப் பழுப்பு நிறம். முதுகிலும் வாலிலும் குறுக்குக் குறுக்காகக் கரும்பட்டைகள் ஓடும். இரண்டுக்கும் கண்ணுக்குக் கீழே மீசை போல ஒரு கரிய கோடு இறங்கும். கால்கள் மஞ்சள், நகங்கள் கறுப்பு, கண் கருவிழி.

இதைப் பொதுவாக இரண்டு பறவைகளோடு குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, கிராமத்தில் வைரி என்றும் வல்லூறு என்றும் சொல்லப்படும் பறவை. மரத்துக்கு மரம் பதுங்கிப் பறந்து, தோட்டத்துக்குள் திடீரென்று பாயும். அதற்குச் சிறகு குட்டையாகவும் முனை வட்டமாகவும் இருக்கும். வளர்ந்த பறவைக்குக் கண் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். சிற்றெழாலுக்குச் சிறகு நீளம், முனை கூர்மை. வைரி ஒருபோதும் அந்தரத்தில் நின்று சிறகடிக்காது.

இன்னொன்று கருந்தோள் பருந்து. இதுவும் வயலுக்கு மேலே நின்று சிறகடிக்கும். ஆனால் உடம்பு வெள்ளையும் சாம்பலும், தோளில் மட்டும் கறுப்பு, கண் ரத்தச் சிவப்பு. அதுவும் எலி தின்னும் பறவைதான். எனவே இந்த இரண்டில் எது உங்கள் வயல் மேல் நின்றாலும் லாபம் உங்களுக்கே.

காற்றில் நிற்கும் வித்தை

எதிர்க்காற்றின் வேகம் எவ்வளவோ, அதே வேகத்தில் முன்னோக்கிப் பறந்தால் தரையைப் பொறுத்தவரை ஒரே இடத்தில்தான் நிற்போம். சிற்றெழால் செய்வது அதைத்தான். காற்று நன்றாக வீசினால் சிறகை அதிகம் அடிக்காமலே நிற்கும். காற்று மந்தமாக இருந்தால் வேகமாக அடிக்க வேண்டியிருக்கும். சிறகும் வாலும் ஓயாமல் ஆடினாலும் தலை மட்டும் துளியும் அசையாது. தலை அசையாமல் இருந்தால்தான் கீழே புல்லுக்குள் ஓடும் சிறு அசைவு கண்ணில் படும்.

இப்படி நின்றால் வேட்டை வேகமாகக் கிடைக்கும், ஆனால் உடம்புச் சக்தி நிறையச் செலவாகும். அதனால் குளிர்காலத்தில் சிற்றெழால் பெரும்பகுதி நேரம் மின்கம்பியிலோ, கம்பத்திலோ, மொட்டை மரத்திலோ உட்கார்ந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரை தெரிந்ததும் அங்கிருந்தே பாயும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று இதில்தான் இருக்கிறது.

வேட்டையாடும் மற்ற பறவைகள் பலவும் இரையை நகத்தால் இறுக்கிக் கொல்லும். எழால் இனம் நகத்தால் பிடித்து, அலகால் கழுத்தைக் கடித்துக் கொல்லும். அதற்கென்றே மேல் அலகின் ஓரத்தில் பல் போல ஒரு சிறு முனை இருக்கிறது. செரிக்காத ரோமம், எலும்பு, பூச்சி ஓடு எல்லாவற்றையும் உருண்டையாகத் திரட்டி வாய்வழியே கக்கிவிடும். கம்பத்தடியிலோ பாறையடியிலோ அப்படிக் கிடக்கும் உருண்டையைப் பிரித்துப் பார்த்தால் முதல் நாள் என்ன தின்றது என்று சொல்லிவிடலாம்.

எங்கிருந்து வருகிறது?

ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என்று மூன்று கண்டங்களிலும் சிற்றெழால் வாழ்கிறது. நம் சமவெளிக்கு வருபவை குளிர்கால விருந்தாளிகள். வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும் கிளம்பி, ஐப்பசி வாக்கில் இங்கு வந்து சேரும். பங்குனி, சித்திரையில் திரும்பிப் போய்விடும். நம் ஊரிலேயே தங்கிக் குஞ்சு பொரிக்கும் ஒரு கிளையினமும் உண்டு. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற பகுதிகளிலும் செங்குத்தான பாறைப் பொந்துகளில் முட்டையிடும். இலங்கை மலைப்பகுதியிலும் அந்தக் கிளையினம் இருக்கிறது.

அடர்ந்த காடு இதற்கு ஒத்துவராது. தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அறுவடை முடிந்த வயல், உளுந்து போட்ட தரிசு, கம்பு, சோளம், கடலை விளையும் புஞ்சை, மேய்ச்சல் நிலம், ஏரி உள்வாய், புல் மூடிய மலைச்சரிவு ஆகியவைதான் இதன் வேட்டைக்களம். மேய்ச்சல் நிலமும் தரிசும் மனைக்கட்டுகளாக மாறுவதும், சீமைக்கருவேலம் மூடிக்கொள்வதும் இதற்குப் பெரிய இழப்பு. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற பெயரில் 2023-ல் வெளியான அறிக்கை, திறந்தவெளியில் வாழும் பறவைகளும் வேட்டைப் பறவைகளும் நாடு முழுவதும் குறைந்துவருவதாகச் சொல்கிறது.

சிற்றெழால் கூடு கட்டாது. பாறை இடுக்கு, பாழடைந்த கட்டடம், காகம் விட்டுப்போன பழைய கூடு, எது கிடைத்தாலும் அதில் மூன்று முதல் ஆறு முட்டை வரை இடும். பெரும்பாலும் பெண்தான் அடைகாக்கும். அதுவரை ஆண் வேட்டையாடிக் கொண்டுவந்து ஊட்டும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் குஞ்சு வெளிவரும். இன்னொரு நான்கைந்து வாரத்தில் பறக்கத் தொடங்கும். வருடத்துக்கு ஒரே ஈடுதான். இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன தின்கிறது? எவ்வளவு தின்கிறது?

சுண்டெலி, வயல் எலிக்குட்டி, வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், அரணை, எப்போதாவது சிறு குருவி. இவைதான் இதன் உணவு. ஐரோப்பாவில் வயல் எலி வகை ஒன்றையே அதிகம் நம்பி வாழ்கிறது. அங்கே ஒரு பறவை நாளொன்றுக்கு நான்கு முதல் எட்டு எலி வரை தின்கிறது. அவை நம் சுண்டெலியைவிடச் சற்றுப் பெரியவை. நம் பக்கத்தில் வெட்டுக்கிளிக்கும் ஓணானுக்கும் கூடுதல் பங்கு உண்டு.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வளர்ந்த பெருச்சாளியைத் தூக்க இந்தப் பறவையால் முடியாது. எலிகள் பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. எனவே எலியைக் கட்டுப்படுத்துவதில் முதல் பங்கு ஆந்தைக்கும் கூகைக்கும்தான். சாரைப்பாம்புக்கும் நல்ல பங்கு உண்டு. பகல் காவல்தான் சிற்றெழாலுக்கும் கருந்தோள் பருந்துக்கும். ஒரு பறவை வந்தால் வயலில் எலியே இருக்காது என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனால் இரவும் பகலும் ஆள் மாற்றிக் காவல் இருந்தால் எலி பயந்து பயந்துதான் மேயும், பெருக்கமும் மட்டுப்படும்.

கோழிக்குஞ்சு தூக்குமா?

சிற்றெழால் ஆள் நடமாட்டம் உள்ள கொல்லைக்குள் புகுந்து வேட்டையாடும் பறவை இல்லை. வெட்டவெளிதான் அதன் இடம். கொல்லையில் குஞ்சு காணாமல் போனால் முதல் சந்தேகம் வைரி, காகம், கீரி, பூனை ஆகியவற்றின் மேல்தான் போக வேண்டும். குஞ்சுகளைத் தாய்க்கோழியோடு பஞ்சாரத்தில் மூடிவைப்பதும், மேயும் இடத்துக்கு மேலே பழைய வலை கட்டுவதும் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. வேட்டைப் பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மருந்து எப்படிப் பறவைக்குப் போகிறது?

கடைகளில் கிடைக்கும் புரோமடியோலோன் போன்ற எலி மருந்துகள், ரத்தம் உறையவிடாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் உயிரோடு திரியும். உள்ளுக்குள் ரத்தம் கசியக் கசியச் சோர்ந்துபோகும். இரவில் மட்டும் நடமாடிய எலி, பகலிலும் வெளியே வந்து தள்ளாடும். மேலே நின்று பார்க்கும் பறவைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடைக்காது. எலியின் ஈரலில் தேங்கியிருக்கும் மருந்து அப்படியே பறவைக்குள் போகிறது. இப்படிச் சில எலிகளைத் தின்றால் பறவைக்கும் அதே கதி. பிரிட்டனில் இறந்து கிடந்த சிற்றெழால்களின் ஈரலைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் இந்த வகை மருந்தின் எச்சம் இருந்தது.

துத்தநாகப் பாஸ்பைடு வேறு வகை. எலி சில மணி நேரத்தில் செத்துவிடும். எலியின் உடம்பில் நாட்கணக்கில் தேங்குவதில்லை. ஆனால் அதைக் கலந்த தானியத்தை வரப்பில் இறைத்துவிட்டால் மயிலும் புறாவும் வீட்டுக்கோழியும் தின்று சாகும்.

எலிக்கென்று இல்லாத பூச்சிமருந்தைக் கொண்டு எலியை ஒழிக்கப் பார்ப்பது இன்னும் கொடுமை. இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் 1975-76 குளிர்காலத்தில் வயல் எலிகளைக் கொல்ல மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். செத்த எலிகளையும் சிறு பறவைகளையும் தின்ற நூற்றுக்கணக்கான வேட்டைப் பறவைகள் செத்து விழுந்தன. 1995-96-ல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு அதே மருந்தை அடித்தபோது, அங்கு குளிர்காலம் கழிக்க வந்திருந்த பருந்து இனம் ஒன்று ஆயிரக்கணக்கில் மடிந்தது. மோனோகுரோட்டோபாஸ் நமக்கும் பழக்கமான பெயர்தான். நம் நாட்டில் காய்கறிகளுக்கு இதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எலி மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் குட்டி போட்டுவிடும். மருந்துக்குத் தப்பிய சில எலிகளும், பக்கத்து வயலிலிருந்து வருபவையும் சேர்ந்தால் அடுத்த போகத்துக்குள் பழைய கணக்குக்கு வந்துவிடும். சிற்றெழால் வருடத்துக்கு ஒரு ஈடு, அதில் பிழைப்பது சில குஞ்சுகள். எலியோடு சேர்த்து அதைத் தின்பவற்றையும் கொன்றுவிட்டால், மறுபடி வயலுக்கு முதலில் திரும்புவது எலிதான். அப்போது அதைத் தடுக்க ஆள் இருக்காது. மறுபடியும் மருந்து வாங்க வேண்டும். செலவு நமக்கு, லாபம் எலிக்கு!

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று

அதே இஸ்ரேலில் விவசாயிகள் வேறு வழிக்கும் வந்தார்கள். பெய்த் ஷெஆன் பள்ளத்தாக்கில் உள்ள ஸ்தே எலியாகு என்ற கூட்டுப்பண்ணையில் 1983-ல் கூகைகளுக்கு மரப்பெட்டிகள் வைத்தார்கள். மரப்பொந்து கிடைக்காத வயல்வெளியில் கூகைகள் அந்தப் பெட்டிகளில் குடியேறிக் குஞ்சு பொரித்தன. பிறகு பகல் வேட்டைக்குச் சிற்றெழால்களுக்கும் பெட்டிகள் வைத்தார்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகப் பறவையியலாளர் யோசி லெஷெம் இந்த முயற்சியை நாடு முழுவதும் கொண்டுபோனார். இப்போது அங்கே ஆயிரக்கணக்கான பெட்டிகள் இருக்கின்றன. எல்லை தாண்டி ஜோர்டான் நாட்டு விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு நாட்டு எலிக்கும் ஒரே பறவை போதும் என்று இரு பக்கத்துக்கும் புரிந்துவிட்டது.

இதை அப்படியே இங்கே செய்ய முடியாது. நம் சமவெளிக்கு வரும் சிற்றெழால் இங்கே முட்டையிடுவதில்லை. அதற்குப் பெட்டி வைத்துப் பலனில்லை. அதற்கு வேண்டியது உட்கார ஒரு கம்பும், நஞ்சில்லாத இரையும்தான். கூகை நம் ஊரிலேயே குடியிருப்பது. அது தங்கும் பழைய மரப்பொந்தையும் பாழ்மண்டபத்தையும் விட்டுவைத்தாலே போதும். ‘வீட்டுக்கு ஆகாது’ என்று அதை விரட்டாமல் இருப்பது இன்னும் முக்கியம்.

நாம் செய்ய வேண்டியவை

பறவைத் தாங்கி: ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும்படி ‘டி’ வடிவில் கம்பு நட வேண்டும். தென்னை மட்டை, பனை மட்டை, மூங்கில் எதுவானாலும் சரி. ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து போதும். பகலில் சிற்றெழால், கரிச்சான், பனங்காடை உட்காரும். இரவில் அதே கம்பில் ஆந்தை உட்காரும். சோளம், கம்பு போன்ற தானியப் பயிர்களில் பால் பிடிக்கும் பருவத்தில் தாங்கிகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளும் அதிலேயே வந்து உட்காரும்.

வரப்பைக் கவனிக்கவும்: அகலமான வரப்புதான் எலிக்கு வீடு. வரப்பைச் சிறிதாக வைத்து, புல்லை அறுத்துச் சுத்தமாக வைத்திருந்தால் வளை தோண்ட இடம் குறையும். மேலே நிற்கும் பறவைக்கு எலியும் நன்றாகக் கண்ணில் படும்.

முதலில் கிட்டி: கோடையில் வளை வெட்டிப் பிடிப்பது, நடவுக்குப் பிறகு தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது, இரண்டும் நஞ்சில்லாத பழைய முறைகள். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் எலி பிடிப்பதில் கைதேர்ந்த இருளர் குடும்பங்கள் உண்டு. தனி ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி இங்கு வந்துவிடும். ஒரு மடைக்குப் பாயும் வயல்காரர்கள் அனைவரும் ஒரே வாரத்தில் செய்தால் பலன் முழுதாகக் கிடைக்கும்.

மருந்து தவிர்க்க முடியாது என்றால்: வரப்பில் இறைக்காதீர்கள். எலி இருக்கும் வளைக்குள் மட்டும் வைத்து வாயை மண்ணால் மூடுங்கள். அடுத்த பத்து நாட்கள் தினமும் காலையில் வயலைச் சுற்றி வந்து, செத்த எலியையும் தள்ளாடும் எலியையும் கையுறையோடு எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ வீசக் கூடாது. இந்த ஒரு வேலையைச் செய்தாலே பல பறவைகளும், வீட்டு நாய் பூனைகளும் தப்பிக்கும். பயிருக்கு என்று விற்கும் பூச்சிமருந்தை எலிக்கு வைக்கவே கூடாது.

பறவை விழுந்து கிடந்தால்: பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் வேட்டைப் பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், நகம் கிழித்துவிடும். துணியால் மூடி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது.

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. நாலு கம்பு, பத்து நாள் காலை நடை. இந்தத் தை மாதம் உங்கள் வயலுக்கு மேலே ஒரு சிற்றெழால் நிற்பதைப் பார்த்தால், கீழே அதற்கு இரை இருக்கிறது என்று அர்த்தம். கல்லைக் கீழே போட்டுவிட்டு, அது எந்த வரப்பில் இறங்குகிறது என்று பாருங்கள். எலி வளை எங்கே இருக்கிறது என்று கூலி வாங்காமல் அது காட்டிக்கொடுத்துவிடும்.